ஆரணி நாடாவும் அலுமினியப் படகும்

ஆரணிக்குக் கடல் இல்லை. கமண்டல நாகநதி ஊரை ஒட்டிச் செல்கிறது என்றாலும், ஆண்டில் பல மாதங்கள் அதில் மணலைத்தான் காணலாம். பட்டுச் சேலைக்குப் பெயர் போன இந்த ஊரில் படகைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம்.

பேச்சு இருக்கிறது. நல்ல படகு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி, ஆரணியில் தறி ஓடும் வீடு ஒவ்வொன்றிலும் இருக்கிறது. அதுதான் நாடா. இரு முனையும் கூராக, நடுவில் தார் வைப்பதற்கு மட்டும் இடம் விட்டு, மேலெல்லாம் வழவழப்பாக அதைச் செய்திருக்கிறார்கள். பாவு நூல்களுக்கு நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அது பாய்கிறது. ஓர் இழையையும் அறுப்பதில்லை. ஓர் இழையிலும் சிக்குவதில்லை.

நாடாவும் படகும் ஒரே குடும்பம் என்பதை உலகத்து மொழிகளே சொல்லுகின்றன. மலையாளத்தில் படகுக்கும் ஓடம் என்று பெயர்; தறி நாடாவுக்கும் ஓடம் என்றே பெயர். ஜெர்மானியர்கள் நாடாவைக் 'குட்டிக் கப்பல்' என்று அழைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நாடாவுக்கு வைத்திருக்கும் பெயரும், கப்பலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

குறைந்த விசையில் நிறைந்த தூரம் போக வேண்டும். நாடாவுக்கும் அதுதான் விதி. படகுக்கும் அதுதான் விதி. நாடாவைச் செய்பவர் அந்த விதியை மறப்பதில்லை. மறந்தால் மாலைக்குள் நெசவாளியின் கை அவருக்குச் சொல்லிவிடும். ஆனால் படகு கட்டுகிறவர்களும், அதைவிட முக்கியமாகப் படகு வாங்குகிறவர்களும், இந்த விதியை மறந்து பல காலம் ஆகிவிட்டது. படகு வாங்கப் போனால் முதல் கேள்வி, ''எத்தனை குதிரைச் சக்தி?'' என்பதுதான். படகின் உடல் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே.

இந்த வழக்கத்தால் நாட்டுக்கு எவ்வளவு எண்ணெய் வீணாகிறது, அதை மாற்ற என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

தண்ணீர் வாங்கும் வரி

படகு போகும்போது தண்ணீர் அதனிடம் இரண்டு விதமான வரி வாங்குகிறது.

ஒன்று, உராய்வு. படகின் எவ்வளவு பரப்பு நனைகிறதோ, அவ்வளவுக்கு உராய்வு உண்டு. அடிப்பக்கத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தால் இந்த வரி வெகுவாக ஏறிவிடும்.

இரண்டாவது, அலை. படகு முன்னே போக வேண்டுமானால் தண்ணீரை விலக்க வேண்டும். விலகிய தண்ணீர் சும்மா போகாது, அலையாக எழும். படகுக்குப் பின்னால் பெரிய அலை கரையில் போய் மோதுவதைப் பார்த்துச் சிறுவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அந்த அலை முழுவதும் காசு கொடுத்து வாங்கிய எண்ணெய். எஞ்சின் எரித்த எண்ணெயில் ஒரு பகுதி, படகை நகர்த்தாமல் ஏரிக்கரையை அரிப்பதற்குப் போய்விட்டது என்று பொருள்.

மெதுவாகப் போகும்போது உராய்வு வரியே பெரியது. வேகம் ஏற ஏற, அலை வரி அதை மிஞ்சிவிடும்.

இதை முறையாகக் கணக்கிட்டுக் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஃபுரூட் என்ற பொறியாளர். 1810-ல் பிறந்தவர். 1867-ல் அவர் சிறிய மாதிரிப் படகுகளைச் செய்து ஆற்றில் இழுத்துப் பார்த்தார். ஒரு மாதிரிக்கு அன்னம் என்று பெயர்; அது முனை மழுங்கியது. இன்னொன்றுக்கு அண்டங்காக்கை என்று பெயர். அது முனை கூரியது. கூரியதுதான் எப்போதும் வெல்லும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் வேகம் குறைவாக இருந்தபோது ஒன்று வென்றது. வேகம் கூடியபோது மற்றொன்று வென்றது. எல்லா வேகத்துக்கும் பொருந்தும் ஒரே வடிவம் கிடையாது, எந்த வேகத்தில் போகப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே வடிவத்தை முடிவு செய்ய வேண்டும் என்ற பாடம் அன்று கிடைத்தது.

பின்னர் டார்க்கே என்ற ஊரில், தம் வீட்டருகிலேயே நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டினார். மெழுகால் மாதிரிகள் செய்து அதில் இழுத்து அளந்தார். 1870-களில் நடந்த இந்தச் சோதனைகளே இன்றைய கப்பல் வடிவக் கலைக்கு அடித்தளம். அப்படிப்பட்ட இழுவைத் தொட்டி இப்போது நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருக்கிறது.

எளிய கணக்கு ஒன்று

ஃபுரூட் கண்டறிந்த உண்மையிலிருந்து ஓர் எளிய கணக்கு வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் போடலாம்.

படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் அளக்க வேண்டும். அதன் வர்க்கமூலத்தை எடுத்து, 1.34 ஆல் பெருக்க வேண்டும். வருவது, அந்தப் படகு சிரமமில்லாமல் போகக்கூடிய உச்ச வேகம், கடல் மைல் கணக்கில்.

16 அடிப் படகுக்கு மணிக்கு சுமார் 5.4 கடல் மைல். அதாவது சுமார் 10 கிலோ மீட்டர். 25 அடிப் படகுக்கு 6.7 கடல் மைல். 36 அடிப் படகுக்கு 8 கடல் மைல்.

சாதாரணப் படகு இந்த வேகத்தை எட்டும்போது, தான் எழுப்பிய அலைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. முன்னால் ஒரு மேடு, பின்னால் ஒரு மேடு, நடுப் பள்ளத்தில் படகு. அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் தன் அலை மீதே ஏற வேண்டும். மலை ஏறும் மாட்டு வண்டி போல அது திணறும். அந்த நிலையில் 10 குதிரைச் சக்தி எஞ்சினைக் கழற்றிவிட்டு 20 குதிரைச் சக்தி எஞ்சினை மாட்டினால், எண்ணெய்ச் செலவு இரட்டிக்கும்; வேகம் சிறிதே கூடும். பின்புறம் தாழும், முன்புறம் தூக்கும், அலை பெரிதாகும்.

மறுபுறம், வேகத்தைச் சற்றே குறைத்தால் கிடைக்கும் லாபம் பெரிது. இவ்வகைப் படகுக்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் கன அளவில் ஏறுகிறது. வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், மணிக்கு ஆகும் எண்ணெயில் 27 சதவீதம் குறையும். அதே தூரத்தைக் கடக்க நேரம் சிறிது கூடும் அல்லவா? அதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு நடைக்கு 19 சதவீதம் மிச்சம். 100 லிட்டர் எரிக்கிறவருக்கு 19 லிட்டர் கையில் நிற்கும். இதற்கு எந்த மானியமும் தேவையில்லை. எந்தப் புதுக் கருவியும் தேவையில்லை. எஞ்சினின் கைப்பிடியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் போதும்.

பழைய பாணியின் சிறப்பு

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு மேல்நாடுகளில் ஓடிய சிறு மோட்டார் படகுகளின் படங்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். அவை நீளமானவை, ஒடுங்கியவை. முன்முனை நேராகக் கத்தி போல் தண்ணீரைக் கிழிக்கும். பின்பக்கமும் மெல்ல ஒடுங்கி மேலே எழும். விலகிய தண்ணீர் ஓசையின்றி மறுபடியும் ஒன்று சேர்ந்துகொள்ளும். அன்றைய எஞ்சின்கள் கனமானவை, ஆனால் சக்தி குறைந்தவை. அதனால் படகு கட்டுகிறவர் வடிவத்தில் சிக்கனம் பிடிக்க வேண்டியிருந்தது. சிறிய எஞ்சினே அந்தப் படகுகளை அழகாக இழுத்துச் சென்றது.

பிறகு லேசான, பலம் மிகுந்த வெளிப்பொருத்து எஞ்சின்கள் வந்தன. பெட்ரோலும் மலிவாகக் கிடைத்தது. படகுகள் குட்டையாயின, அகன்றன, பின்புறம் பலகையை அறுத்து வைத்தது போல் தட்டையாயிற்று.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஏரிக்கரையில் சிறுவன் தட்டையான ஓட்டாஞ்சில்லை வீசினால், அது நீரின் மேல் தத்தித் தத்திப் போகிறதல்லவா? அதே போல் அகன்ற, தட்டையான அடியுள்ள லேசான படகு, போதிய வேகம் கிடைத்தால் தண்ணீரைக் கிழிக்காமல் அதன் மேலேறிச் சறுக்கிப் போகும். மேலேறிவிட்டால் அலை வரியிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடலாம். அவசரக் காரியத்துக்கும், கடற்காவலுக்கும் அது தேவையான வடிவந்தான்.

ஆனால் அந்தப் படகை மேலே ஏற்ற முடியாத அளவுக்குச் சுமையை வைத்துவிட்டு, அல்லது அந்த வேகம் தேவையே இல்லாத ஏரியில் விட்டுவிட்டு ஓட்டினால் என்ன ஆகும்? அகன்ற பின்புறம் தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும். பின்னால் நீர் சுழித்துக் கொந்தளிக்கும். வேகப் படகின் செலவும் மெதுப் படகின் வேகமும் ஒன்றாக வந்து வாய்க்கும். நம் நாட்டு ஏரிகளிலும் கழிமுகங்களிலும் ஓடும் பல உல்லாசப் படகுகளின் கதை இதுதான்.

பாத்திரத்தில் இருந்து படகுக்கு

இனி அலுமினியத்துக்கு வருவோம்.

இந்தியாவில் அலுமினியத் தொழிலின் தொட்டில் நமது சென்னைதான் என்பது பலருக்குத் தெரியாது. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர், 1898-ல் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கி வைத்தார். 1900-ல் அதற்கென்று ஒரு கம்பெனியே சென்னையில் உருவாயிற்று. நம் வீடுகளில் 'ஈயப் பாத்திரம்' என்று வழங்கும் அந்த அலுமினியக் குண்டானும் தூக்கும் பரவியதற்கு அவரே காரணம்.

அதே சாட்டர்டன் கைத்தறிக்கும் உழைத்தவர். ஜான் கே என்ற ஆங்கிலேயர் 1733-ல் காப்புரிமை பெற்ற விசை நாடாவை நம் நெசவாளர்களிடம் பரப்புவதற்காக, 1906 வாக்கில் சேலத்தில் நெசவுக்கூடம் ஒன்று அவர் முயற்சியால் நடந்தது. அலுமினியத்தையும் நாடாவையும் ஒரே மனிதர் கையில் எடுத்தது விந்தையான பொருத்தம். இரண்டிலும் அவர் தேடியது ஒன்றுதான்: ஏழைத் தொழிலாளியின் உழைப்பு வீணாகக் கூடாது.

சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைத்த பாக்சைட்டைக் கொண்டு, மேட்டூரில் 1965-ல் அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2008-ல் அந்த உருக்காலை நின்றுவிட்டது. எனினும் அலுமினியத்தை அடித்து, வளைத்து, ஒட்டும் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

படகுக்கு அலுமினியம் ஏன்? முதல் காரணம், எடை. ஒரே கன அளவுள்ள இரும்பின் எடையில் அலுமினியம் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். தகட்டைச் சற்றுத் தடிப்பாக வைத்தாலும், இரும்புப் படகின் எடையில் ஏறக்குறைய பாதியில் காரியம் முடிந்துவிடும். எடை குறைந்தால் படகு குறைவாக அமிழும். நனையும் பரப்பு குறையும். விலக்க வேண்டிய தண்ணீரும் குறையும். இரண்டு வரியிலும் சலுகை!

இரண்டாவது, உழைப்பு. மக்னீசியம் கலந்த கடல் தர அலுமினியம் உப்பு நீரில் துருப்பிடிக்காது. மேலே மெல்லிய படலம் ஒன்று தானாகவே உண்டாகி அதைக் காக்கிறது.

மூன்றாவது, கடைசி விலை. ''பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!'' என்ற தெருக்குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அலுமினியப் படகு ஆயுள் முடிந்த பிறகும் உருக்குவதற்குப் போகும், காசு கொடுக்கும். உடைந்த கண்ணாடியிழைப் படகு அப்படியல்ல. அதை எடைக்கு வாங்குவார் இல்லை. கரையில் கிடந்து மக்காத குப்பையாகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அமெரிக்காவில் போர் விமானம் செய்துகொண்டிருந்த கிரம்மன் கம்பெனி, 1945-ல் அலுமினியத் தகட்டில் துடுப்புப் படகு செய்யத் தொடங்கியது. விமானத்துக்கு எடை எதிரி. படகுக்கும் எடை எதிரி. அந்தப் படகுகள் பல ஆண்டுகள் உழைத்துப் பெயர் வாங்கின.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அலுமினியத்துடன் செம்போ இரும்போ நேராகத் தொட்டுக்கொண்டு உப்பு நீரில் இருந்தால், அலுமினியம் அரித்துப்போகும். ஆணி, திருகு, அடிப்பூச்சு எல்லாவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். செம்பு கலந்த பூச்சு அறவே கூடாது. ஒட்டு வேலைக்கு ஆர்கன் வாயுவும் தேர்ந்த கையும் வேண்டும். முதல் விலையும் கூடுதல். மேலும், தகட்டைப் பனையோலை போல ஒரு பக்கமாகத்தான் எளிதில் வளைக்கலாம். மண் பானை போல இரு பக்கமும் குவிக்க வேண்டுமானால் அச்சும் அழுத்தும் இயந்திரமும் வேண்டும். ஆகவே ஓலையை மடிப்பது போன்ற எளிய வளைவுகளாலேயே நீண்டு ஒடுங்கிய உடலை அமைப்பது, சிறு பட்டறைக்கு ஏற்ற வழி.

நம் கரையில் கண்ட பாடம்

மேல்நாட்டைப் பார்த்துத்தான் இதையெல்லாம் கற்க வேண்டும் என்பதில்லை. கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் உலகம் 'கட்டமரான்' என்று எடுத்துக்கொண்டது. நம் கட்டுமரம் சேர்த்துக் கட்டிய மரங்கள். அவர்களுடையது இணைத்துக் கட்டிய இரண்டு ஒல்லிப் படகுகள். பொருள் மாறினாலும் பெயர் நம்முடையது. 1876-ல் அமெரிக்காவின் ஹெரஷாஃப் அப்படியொரு இரட்டைப் படகைப் பந்தயத்தில் ஓட்டி மற்றப் படகுகளைத் தோற்கடித்தார். அகன்ற ஓர் உடலைவிட, ஒடுங்கிய இரண்டு உடல்கள் சிறிய அலையையே எழுப்பும். மேலே சொன்ன 1.34 கணக்கின் பிடியிலிருந்து அவை ஓரளவு தப்பிவிடும்.

எஞ்சின் வந்தபோது நம் நாட்டில் நடந்ததையும் நினைவு கொள்ள வேண்டும். 1952-ல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டத்தில், கேரளத்தின் நீண்டகரையில், பழைய வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள். சரிப்பட்டு வரவில்லை. எஞ்சினுக்கென்று வேறு படகு கட்ட வேண்டி வந்தது. எஞ்சினும் உடலும் கணவன் மனைவி போல. பொருத்தம் பார்க்காமல் சேர்த்து வைத்தால் குடித்தனம் நடக்காது.

1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் மணற்கரையில் ஏற்றி இறக்கக்கூடிய மோட்டார் படகுகளை வடிவமைத்தது. கரை தட்டும்போது தூக்கிவிடக்கூடிய சுழல்விசிறியும் அதற்கெனச் செய்தார்கள். அந்த முயற்சியில் முன்னின்ற நார்வே நாட்டு வடிவமைப்பாளர் ஓய்விந் குல்பிரான்ட்சன், சிறு மீன்பிடிப் படகுகளில் எண்ணெயைச் சேமிப்பது பற்றி எழுதிய கையேட்டை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2012-ல் வெளியிட்டது. வேகத்தைக் குறை, அடியைச் சுத்தமாக வை, நீண்டு ஒடுங்கிய உடலைத் தேர்ந்தெடு, பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்று, கூடுமானால் டீசல் எஞ்சினுக்கு மாறு. அவர் சொன்னவற்றின் சாரம் இதுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், பலகைகளைத் தைத்து ஒட்டும் முறையில் கடல் ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டினார்கள். லேசான படகு, நீண்ட படகு, மீனவர் கையாலேயே கரையேற்றக்கூடிய படகு. 1980-களில் அது தென்கோடிக் கரையில் பெரும் மாறுதலை உண்டாக்கியது.

2004-ல் ஆழிப்பேரலை வந்தது. பழைய படகுகளை இழந்தவர்களுக்கு உதவியாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்து குவிந்தன. உதவியவர்களின் மனம் பெரிது. ஆனால் அவசரத்தில் கட்டிய படகுகளில் தரக்குறைவானவையும் இருந்தன. எண்ணிக்கையைப் பார்த்தோம், வடிவத்தைப் பார்க்க நேரமில்லை. அதன் பிறகு எஞ்சின் போட்டி ஏறிக்கொண்டே போனது. பக்கத்துப் படகு 10 குதிரை என்றால் நமக்கு 15 குதிரை.

மீனவர் சொல்வதும் நியாயமே

''மெதுவாகப் போ என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். முதலில் கரைக்கு வந்த மீனுக்குத்தான் விலை. அலை உடையும் இடத்தைத் தாண்ட எஞ்சினில் பலம் வேண்டாமா?'' என்று மீனவர் கேட்பார்.

கேட்பது நியாயம். அலைவாயைக் கடக்கும் சில நிமிடங்களுக்குப் பலம் தேவைதான்; அங்கே பலம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு, மணிக்கணக்கில் அதே முழு விசையில் ஓட வேண்டியதில்லை. ஏலத்துக்கு முந்த வேண்டும் என்ற காரணத்துக்கும் மருந்து கரையில்தான் இருக்கிறது. ஐஸ் வசதியும், விலையைப் பேசி வாங்கும் சங்கமும் வலுவாக இருந்தால், கால் மணி நேரம் பிந்தி வந்த மீனுக்கும் விலை கிடைக்கும். எண்ணெய் எரிப்பதை மட்டும் குறை சொல்லிவிட்டு, எரிக்க வைக்கும் சந்தையைப் பேசாமல் விடுவது முறையல்ல.

விசைப்படகுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டித் துப்புரவு செய்வதை அந்த நாட்களில் தவறாமல் முடித்துவிட்டால், ஆண்டு முழுவதும் அதன் பயனைக் காணலாம்.

கேரளம் காட்டிய வழி

நம் பக்கத்து மாநிலம் இந்தப் பாடத்தைக் கையில் எடுத்திருக்கிறது. 2017 ஜனவரியில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகை அரசு நீர்ப்போக்குவரத்துத் துறை ஓடவிட்டது. 75 பயணிகளை ஏற்றும் இரட்டை உடல் படகு அது. கூரை மேல் விழும் வெயில்தான் அதற்கு எண்ணெய்.

2023 ஏப்ரல் 25-ல் கொச்சியில் நீர் மெட்ரோ தொடங்கியது. அந்தப் படகுகள் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவானவை. 100 பயணிகளை ஏற்றும் அவற்றின் இரட்டை உடல் அலுமினியத்தால் ஆனது, ஓடுவது மின்கலத்தால்.

மின்சாரப் படகில் ஏமாற்ற முடியாது. டீசல் படகில் வடிவம் சரியில்லை என்றால் இன்னும் ஒரு பீப்பாய் டீசலை ஊற்றிச் சமாளிக்கலாம். மின்கலத்தில் அந்த வசதி இல்லை. வடிவம் மோசமானால் இன்னொரு மின்கலம் வேண்டும். மின்கலம் கூடினால் எடை கூடும். எடை கூடினால் மறுபடியும் மின்கலம். ஆகவே அங்கே வடிவமைப்பாளர் முதலில் உடலை ஒடுக்கினார், எடையைக் குறைத்தார், பிறகுதான் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தார். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒல்லிப் படகின் அறிவு, மின்சாரக் காலத்தில் மீண்டும் வேலைக்கு வந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரை இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, பிச்சாவரம், முட்டுக்காடு என்று அரசின் சுற்றுலாப் படகுத் துறைகள் பல இருக்கின்றன. மீனவர்களுக்கு எரிபொருள் மானியமும் அரசு கொடுக்கிறது. மானியத்தில் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது, எண்ணெய் குறைவாகக் குடிக்கும் படகுகளைக் கட்டுவதற்குத் திருப்பினால் என்ன? ஓட்டைப் பானையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட, ஓட்டையை அடைப்பது மேல்.

முதலாவதாக, அரசு படகு வாங்க டெண்டர் விடும்போது குதிரைச் சக்தியை மட்டும் குறிப்பிடக் கூடாது. இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, இந்த வேகத்தில், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு எண்ணெய்க்கு மேல் ஆகக் கூடாது என்று எழுத வேண்டும். படகை ஒப்படைக்கும் நாளில் தண்ணீரில் ஓட்டி அளந்து பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, சுற்றுலா ஏரிகளிலும் பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளிலும், அலை எழுப்பாத நீண்ட ஒல்லிப் படகுகளைக் கொண்டுவர வேண்டும். அங்கே வருகிறவர்களுக்கு அவசரம் இல்லை. மின்மோட்டார் வைத்த அலுமினியப் படகுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கரை அரிப்பும் குறையும், பறவைகளும் மிரளாது.

மூன்றாவதாக, சென்னை ஐ.ஐ.டி.யின் இழுவைத் தொட்டிக்கும் கடலோரப் பட்டறைக்கும் இடையே பாலம் வேண்டும். பெரிய கப்பலுக்கு மட்டும் விஞ்ஞானம், சிறிய படகுக்குக் கண்ணளவு என்ற நிலை மாற வேண்டும். ஏழெட்டு நல்ல வடிவங்களைச் சோதித்து, அளவு வரைபடங்களை இலவசமாகத் தமிழில் கொடுத்தால், படகு கட்டும் ஆசாரிமார் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

நான்காவதாக, வெள்ள மீட்புப் படகு. இது ஆரணிக்காரர்களுக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2024 டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில், நம் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டதையும், தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் பட்ட பாட்டையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2015-ல் சென்னையிலும், 2018-ல் கேரளத்திலும் மீனவர்கள் தங்கள் கடற்படகுகளைக் கொண்டுவந்து மக்களைக் காப்பாற்றினார்கள். அந்த வீரத்துக்கு நன்றி சொல்லும் அதே வேளையில், கடல் இல்லாத மாவட்டத்துக்கும் சொந்தப் படகு வேண்டும் என்பதை உணர வேண்டும். இங்கே ஒல்லிப் படகு உதவாது. முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும் தட்டையடி வேண்டும். நாலு பேர் தூக்கிச் செல்லும் எடை வேண்டும். வேலிக் கம்பியும் முறிந்த மரமும் உரசினால் கிழியாத உடல் வேண்டும். அதற்கும் அலுமினியமே தகுந்தது. ஃபுரூட்டின் அன்னமும் அண்டங்காக்கையும் சொன்னதை இங்கேயும் நினைவில் வைக்க வேண்டும்: வேலையைப் பொறுத்தே வடிவம்.

இவற்றில் எதற்கும் பெரிய ஆலை தேவையில்லை. எங்கோ கண்டுபிடிக்க வேண்டிய புதுமையும் இல்லை. கணக்கு 150 ஆண்டுகளாக இருக்கிறது. உலோகம் 120 ஆண்டுகளுக்கு மேலாக நம் அடுப்படியில் இருக்கிறது. கட்டுமரத்தின் பெயரை உலகுக்குக் கொடுத்த கைகளும் நம்மிடம் இருக்கின்றன.

பட்டுச் சேலை வாங்க ஆரணிக்கு வருகிறவர், தறிக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்பதில்லை. இழையைத் தடவிப் பார்க்கிறார், நெருக்கத்தைப் பார்க்கிறார், எடையைப் பார்க்கிறார், பிறகுதான் விலை பேசுகிறார். அரசாங்கமும் சங்கங்களும் அடுத்த முறை படகு வாங்கப் போகும்போது, அந்தச் சேலைக்காரரைப் போலவே உடலைத் தடவிப் பார்த்து வாங்கட்டும். எஞ்சினைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.